நாகலூருக்கு ஒரு போஸ்டிங்

2028-ஆம் ஆண்டு மே மாதத்தோடு ஒரு கெடு முடிகிறது. நாடாளுமன்றம் 2017-ல் நிறைவேற்றிய மனநலப் பராமரிப்புச் சட்டம் அடுத்த ஆண்டு மே மாதம் நடைமுறைக்கு வந்தது. மக்கள்தொகைக்கு ஏற்ப இத்தனை மனநலப் பணியாளர்கள் இருக்க வேண்டும் என்று உலக அளவில் ஏற்கப்பட்ட கணக்கு ஒன்று உண்டு. அந்தக் கணக்கை எட்ட அரசுகள் பத்து ஆண்டுகளுக்குள் முயல வேண்டும் என்று அச்சட்டத்தின் 31-ஆம் பிரிவு சொல்கிறது. பத்து ஆண்டுகளில் பெரும்பகுதி ஓடிவிட்டது.

கெடுவைப் பற்றிப் பேச்செடுத்தாலே எல்லோரும் இடங்களைத்தான் எண்ணுகிறார்கள். எத்தனை கல்லூரி, எத்தனை சீட்டு, எத்தனை பட்டம். இந்தக் கட்டுரையின் கவலை வேறு. எம்.எஸ்சி. உளவியல் படிக்கும் பிள்ளை தன் முதல் நோயாளியை எந்த ஊரில் சந்திக்கிறது? அப்போது அனுபவமுள்ள ஒருவர் பக்கத்தில் இருக்கிறாரா? இந்த இரண்டுக்கும் பதில் இல்லாமல் பட்டங்கள் பெருகினால், சேர்வராயன் மலையில் இருக்கும் நாகலூருக்கு அதனால் எந்தப் பயனும் வராது.

தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் 2015-16-ல் நடந்த தேசிய மனநல ஆய்வின்படி, நோய்க்கு ஏற்ப 70 முதல் 92 சதவீதம் பேருக்குச் சிகிச்சை கிடைப்பதில்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022-ஆம் ஆண்டுக் கணக்கில், தமிழ்நாட்டில் ஒரே ஆண்டில் தற்கொலையால் இறந்தவர்கள் 19,834 பேர். மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம் நமக்கு. லட்சம் பேருக்கு 25.9 என்ற நம் விகிதம் நாட்டின் சராசரியைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல்.

நாகலூருக்குப் போக, சேலம் அடிவாரத்தில் ஏறத் தொடங்கினால் இருபது கொண்டை ஊசி வளைவுகள். மேலே போனதும் ஏரி, படகுத் துறை, மிளகாய் பஜ்ஜிக் கடைகள். சுற்றுலா வந்தவர்களுக்கு ஏற்காடு அங்கேயே முடிந்துவிடும். நாகலூர், வெள்ளக்கடை, செம்மநத்தம், தலைச்சோலை, மாரமங்கலம் என்று மலையின் ஊராட்சிகள் அதற்கும் உள்ளே இருக்கின்றன. சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏறியிருக்கும். அவற்றின் நிழலில் காப்பிச் செடி. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் கொண்டுவந்த பயிர் அது. இன்றும் மலையின் கூலிக் கணக்கு அதைச் சுற்றித்தான் நடக்கிறது. பழம் பறிக்கும் மாதங்களில் வேலை இருக்கும். மற்ற மாதங்களில் கிடைத்த வேலை. இங்கு வாழும் மலையாளிப் பழங்குடியினர் பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து மலையேறிய மூன்று அண்ணன் தம்பிகளின் வழிவந்தவர்கள் தாங்கள் என்பது அவர்களுடைய மரபுக் கதை. சேர்வராயன் அவர்கள் சாமி. மே மாதத் திருவிழாவுக்கு மலைக்கிராமங்கள் எல்லாம் உச்சியில் கூடும்.

நாகலூரில் அரசு ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது. மலையானாலும் சமவெளியானாலும் இப்படிப்பட்ட நிலையத்தின் காலை நேரத்து வரிசையில் மனநோய் தன் பெயரைச் சொல்லிக்கொண்டு வருவதில்லை. உடம்பெல்லாம் எரியுது, தலை கிறுகிறுங்குது, நெஞ்சு படபடங்குது, ராத்திரியில தூக்கமே இல்ல என்றுதான் வரும். குடித்துக் கை நடுங்கும் அப்பாவாக வரும். பிரசவத்துக்குப் பிறகு குழந்தையின் முகத்தைப் பார்க்கவே மனமில்லாத இளம்பெண்ணாக வரும். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று நிற்கும் பையனாக வரும். பூச்சிமருந்து குடித்தவரைத் தூக்கிக்கொண்டு ஓடிவரும் நாளில் மட்டும் எல்லோருக்கும் அது கண்ணில் படும்.

அதற்கு முன்பே அந்தக் குடும்பம் வேறு கதவுகளைத் தட்டியிருக்கும். காத்து கருப்பு என்று மந்திரித்திருப்பார்கள், கயிறு கட்டியிருப்பார்கள், குலசாமியிடம் கேட்டிருப்பார்கள். திருச்சிக்குப் பக்கத்தில் குணசீலம் கோயிலில் ஒரு மண்டலம், 48 நாள், தங்கியவர்களும் தமிழ்நாடெங்கும் உண்டு. இதில் ஏளனம் செய்ய ஒன்றுமில்லை. வேறு கதவு இல்லாத இடத்தில் இருந்த கதவைத் தட்டினார்கள். கைவிடப்பட்ட நிலையில் அந்த நம்பிக்கை எங்கே போய் முடியும் என்பதை 2001 ஆகஸ்ட் 6 காட்டியது. அன்று ஏர்வாடியில் மனநோயாளிகள் தங்கியிருந்த கொட்டகை பற்றி எரிந்தபோது, சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் மாண்டார்கள். மக்களின் வழிபாட்டை மதித்துக்கொண்டே மாத்திரையையும் பேச்சையும் கொண்டு சேர்க்கத் தெரிந்த ஆட்கள் நமக்கு வேண்டும். அந்தப் பக்குவம் பாடப்புத்தகத்தில் கிடைப்பதில்லை.

சட்டம் சொல்வது, வகுப்பறை தருவது

கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் யார் என்று 2017 சட்டம் வரையறுத்திருக்கிறது. இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் ஏற்ற தகுதி இருக்க வேண்டும். இல்லையென்றால், உளவியலில் முதுநிலைப் பட்டத்துக்கு மேல் இரண்டு ஆண்டு முழுநேர எம்.ஃபில். முடித்திருக்க வேண்டும். அந்த இரண்டு ஆண்டும் எப்படிப்பட்டவை என்பதையும் சட்டம் விட்டுவைக்கவில்லை. மேற்பார்வையோடு கூடிய மருத்துவமனைப் பயிற்சி அதில் அடங்கியிருக்க வேண்டும் என்று எழுதியே வைத்திருக்கிறது.

இந்த மரபு நம் பக்கத்து ஊரில் தொடங்கியது. பெங்களூரில் 1954-ல் அகில இந்திய மனநல நிறுவனம் தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டே மருத்துவ உளவியலில் டிப்ளமோ படிப்பு வந்தது. அந்த நிறுவனம்தான் 1974-ல் நிம்ஹான்ஸ் ஆனது. டிப்ளமோ பிறகு எம்.ஃபில். ஆயிற்று. அந்த மாணவர்கள் வார்டிலேயே வளர்ந்தார்கள். காலையில் புறநோயாளிப் பிரிவு, மதியம் சோதனைகள், மாலையில் கேஸ் பிரசன்டேஷன். ஐந்து முழுமையான உளச்சோதனை அறிக்கைகள், ஐந்து உளசிகிச்சைப் பதிவுகள் எழுதி ஒப்படைக்காமல் தேர்வுக்கு உட்கார முடியாது. புதிய கல்விக் கொள்கையால் எம்.ஃபில். என்ற பட்டமே விடைபெறுகிறது. கிளினிக்கல் சைக்காலஜிக்கு மட்டும் 2025-26 வரை விலக்கு தந்தார்கள். அதன் இடத்துக்கு மறுவாழ்வுக் கவுன்சில் புதிய படிப்புகளைக் கொண்டுவந்திருக்கிறது. பட்டத்தின் பெயர் எப்படி மாறினாலும் வார்டு நேரம் குறையாமல் இருக்க வேண்டும் என்பதுதான் நம் கவலை.

ஆனால் எம்.ஃபில். படிப்பின் சில இடங்களுக்கு வெளியே இருக்கும் பெருங்கூட்டத்தை யார் கவனிக்கிறார்கள்? எம்.எஸ்சி. உளவியல் முடிப்பவர்களில் பெரும்பாலோர் எம்.ஃபில். வாசலை எட்டியதில்லை. பள்ளியில் ஆலோசகராக, போதை மீட்பு மையத்தில் ஊழியராக, தொண்டு நிறுவனத்தில் களப்பணியாளராக, தனியார் கிளினிக்கில் உதவியாளராக நேரே வேலைக்குப் போகிறார்கள். நாளைக்கு மலைக்கிராமத்துப் பையனின் எதிரே உட்காரப் போவது இவர்கள்தான். இவர்களுடைய பயிற்சியோ பல இடங்களில் ஒரு மாத இன்டர்ன்ஷிப், ஒரு சான்றிதழ், நோயாளியின் பெயரை மாற்றி எழுதிய நாலு கேஸ் ஹிஸ்டரி. மருத்துவர் அறையின் மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்ததும் பயிற்சியாகிவிடுகிறது. மாணவர்களிடமே பணம் வாங்கிக்கொண்டு சான்றிதழ் தரும் இடங்களும் உண்டு. ஏழைக் குடும்பத்துப் பிள்ளை அந்தப் பணத்தைக் கடன் வாங்கிக் கட்டுகிறது. இதைக் கேட்கும்போது கோபம் வருகிறது.

அஞ்சல் வழியில் உளவியல் படிப்பது நம் மாநிலத்தில் நெடுங்காலம் வாடிக்கையாக இருந்தது. 2025-ல் பல்கலைக்கழக மானியக் குழு அந்தக் கதவை மூடியது. சுகாதாரம் சார்ந்த பிற படிப்புகளோடு உளவியலையும் தொலைநிலையிலோ இணையவழியிலோ நடத்தக்கூடாது என்று அறிவித்தது. வேலைக்குப் போய்க்கொண்டே படித்த எத்தனையோ பெண்களுக்கு அது இழப்பு. அதைச் சொல்லாமல் விடக்கூடாது. ஆனாலும் முடிவு சரியானது. மனிதர் முன் உட்காராமல் இந்தத் தொழிலைக் கற்க முடியாது. இனி நேரடி வகுப்பு நடத்தும் கல்லூரிகள், அந்த வகுப்பைத் தாண்டி மாணவரை எங்கே அனுப்புகின்றன என்று கேட்க வேண்டும்.

ஒரு மாணவி வருகிறாள் என்று வைத்துக்கொள்வோம்

சேலத்தில் பெரியார் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே உளவியல் துறையும் இருக்கிறது. மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டம் இருக்கிறது. அந்தத் திட்டம் 1996-ல் நாட்டில் முதலில் தொடங்கிய நான்கு மாவட்டங்களில் திருச்சியும் ஒன்று. மனநல மருத்துவர், உளவியலாளர், சமூகப் பணியாளர், செவிலியர் என்று ஒரு குழு ஊர் ஊராகப் போய் முகாம் நடத்துவதுதான் அதன் வடிவம். வேண்டிய உறுப்புகள் எல்லாம் பஸ்ஸில் போய்வரும் தூரத்துக்குள் இருக்கின்றன. இவற்றைச் சேர்த்து, நாகலூருக்கு இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தியை மூன்று மாதம் அனுப்புகிறோம் என்று வைத்துக்கொள்வோம்.

முதல் வாரம் அவள் யாருக்கும் ஆலோசனை சொல்லக்கூடாது. கிராம சுகாதார செவிலியரோடு வீடு வீடாக நடக்க வேண்டும். எந்தக் குடிசையில் யார் வெளியே வருவதில்லை, யார் வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டார் என்பது செவிலியருக்குத் தெரியும். வாசலில் குந்தியிருக்கும் மூதாட்டியை, ஆயா, உடம்பு எப்படி இருக்கு என்று கேட்டுவிட்டு, பதில் முடியும்வரை குறுக்கே பேசாமல் இருக்கக் கற்பதே பெரிய பாடம். கல்லூரியில் கற்ற மனச்சோர்வு வினாத்தாளை முதல் நாளே நீட்டினால், இல்ல பாப்பா, அதெல்லாம் ஒண்ணுமில்ல என்று பதில் வரும். தாளில் சுழியம் விழும். அந்த ஆயா இரண்டு மாதமாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்பது தாளில் வராது.

பிறகு சோதனைகள். அரசு மருத்துவமனைகளில் உளவியலாளரின் நேரத்தில் பெரும்பகுதியை மாற்றுத்திறன் சான்றிதழுக்கான நுண்ணறிவுச் சோதனைகள் விழுங்கிவிடுகின்றன. பினே-காமத் சோதனை, வைன்லேண்ட் சமூக முதிர்ச்சி அளவுகோல், பத்து மரத்துண்டுகளை அந்தந்தக் குழியில் பொருத்தும் செகுவின் பலகை. உதவித்தொகை இந்த எண்ணைப் பொறுத்தது என்பதால் இது சின்ன வேலை இல்லை. மலையில் பிறந்து, ஆட்டுக்குட்டிகளை ஒவ்வொன்றாக அடையாளம் சொல்லும், காட்டெருமை வந்த தடத்தைப் பார்த்து நேரம் சொல்லும் ஒரு பையன், பள்ளிக்கூட வாசனையுள்ள கேள்விகளுக்கு வாய் திறக்காமல் நிற்கலாம். தனியாக விடப்பட்ட மாணவி, அறிவுக் குறைபாடு என்று எழுதிவிடுவாள். பக்கத்தில் ஒரு மேற்பார்வையாளர் இருந்தால், பலகையை மட்டும் இன்னொரு முறை கொடுத்துப் பார், அவன் அம்மாவிடம் வீட்டில் அவன் என்னென்ன செய்கிறான் என்று கேள், நாளைக்கு மறுபடி உட்கார வை என்பார். ஒரு பிள்ளையின் பெயரோடு வாழ்நாள் முழுக்க ஒட்டிக்கொள்ளப்போகும் எண் அந்த ஒரு பேச்சில் மாறும்.

மேற்பார்வை என்றால் வருகைப் பதிவேட்டில் கையெழுத்து என்று இங்கே பழகிவிட்டோம். உண்மையான மேற்பார்வை என்பது, மாணவி பேசியதை வரிவரியாகத் திருப்பிக் கேட்பது. நோயாளியின் ஒப்புதலோடு ஒலிப்பதிவு செய்து, வாரம் ஒருமுறை உட்கார்ந்து கேட்பது. இந்த இடத்தில் அவர் அழுதபோது நீ ஏன் பேச்சை மாற்றினாய் என்று கேட்பது. மாணவிக்குப் பயமாக இருந்தது என்றால் அந்தப் பயத்தையும் பேசுவது. செத்துப்போகணும் போல இருக்கு என்று ஒருவர் முதல்முறை சொல்லும்போது இருபத்திரண்டு வயதுப் பெண்ணின் வயிறு கலங்காமல் இருக்குமா? அன்று இரவு அவள் யாரை அழைப்பாள்? அந்த அழைப்பை எடுக்க ஆள் இல்லாத பயிற்சி, நோயாளிக்கும் ஆபத்து, மாணவிக்கும் ஆபத்து.

இதைச் செய்து காட்டியவர்கள் நம் நாட்டிலேயே இருக்கிறார்கள். கோவாவில் விக்ரம் படேல் உள்ளிட்டோர் 1996-ல் தொடங்கிய சங்கத் அமைப்பு, உளவியல் பட்டமே இல்லாத உள்ளூர் மக்களை ஆரம்ப சுகாதார நிலையங்களில் மனச்சோர்வுக்கு ஆலோசனை தரப் பழக்கியது. ஆறு முதல் எட்டுச் சந்திப்புகள், அவ்வளவுதான். ஆலோசகர்கள் குழுவாக உட்கார்ந்து ஒருவர் பதிவை மற்றவர்கள் கேட்டு, தரத்துக்கு மதிப்பெண் போட்டார்கள், வல்லுநர்கள் உடனிருந்தார்கள். நோயாளிகள் தேறியதை லான்செட் இதழில் வெளியான ஆய்வு உறுதிசெய்தது. ஜிம்பாப்வேயின் ஹராரே நகரில் மருத்துவர் டிக்சன் சிபாண்டா, சுகாதார நிலைய வாசலில் பெஞ்சு போட்டுப் பாட்டிமார்களை உட்காரவைத்த திட்டமும் இப்படி மேற்பார்வையில் நிற்பதுதான். பட்டமில்லாதவர்களுக்கே இவ்வளவு துணை தேவைப்பட்டது. நம் முதுநிலை மாணவர்களுக்கு அதில் பாதியாவது வேண்டாமா?

ஊருக்குள் போய்க் கற்பது என்பதும் புதிதல்ல. நிம்ஹான்ஸ் 1970-களின் நடுவில் பெங்களூருக்கு வெளியே சகலவாரா என்ற கிராமத்தில் மையம் அமைத்தது. சுகாதார நிலைய மருத்துவர்களும் ஊழியர்களும் மனநோயைக் கண்டுகொள்ள அங்கே பழகினார்கள். பிறகு பெல்லாரி மாவட்டத்தில் அதை விரித்துப் பார்த்தார்கள். இன்றைய மாவட்ட மனநலத் திட்டத்துக்கு வேர் அங்கேதான். வேலூர் சி.எம்.சி. 1957-ல் பாகாயத்தில் தொடங்கிய மனநல மையத்தில் நோயாளியோடு குடும்பமும் தங்கும். அங்கே பயிற்சி பெறுபவர் நோயாளியை மட்டும் பார்த்துவிட்டுப் போக முடியாது; மாமியாரையும் அண்ணனையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். மனநல மருத்துவர் சாரதா மேனன் 1984-ல் தொடங்கிய ஸ்கார்ஃப் அமைப்பு, புதுக்கோட்டைக் கிராமங்களுக்குப் பேருந்திலேயே மனநல மருத்துவத்தைக் கொண்டுபோனது. நாகலூருக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் தருமபுரி மாவட்டத்துச் சித்தேரி மலையடிவாரச் சிட்லிங்கி. மருத்துவர்கள் ரெஜி ஜார்ஜும் லலிதாவும் 1990-களின் தொடக்கத்தில் அங்கே மலையாளிப் பழங்குடி மக்களிடையே ஒரு குடிசையில் வைத்தியம் தொடங்கினார்கள். அந்த ஊர்ப் பெண்களையே செவிலியர்களாகவும் சுகாதாரப் பணியாளர்களாகவும் கைபிடித்துப் பழக்கினார்கள். மனநலத்துக்கும் அதே வழி திறக்கட்டும். மலையாளிப் பிள்ளைகளே சேலத்தில் உளவியல் படித்துத் தங்கள் ஊருக்கு மேற்பார்வையாளராக வரும் நாள் வரட்டும்.

நகரத்து மருத்துவமனையில் எழாத ஒரு சிக்கல் நாகலூரில் முதல் நாளே எழும். 2017 சட்டத்தின் 23-ஆம் பிரிவு நோயாளியின் தகவலை ரகசியமாக வைக்கும் உரிமையைத் தருகிறது. எல்லோரும் எல்லோருக்கும் உறவான ஊரில், சுகாதார நிலையத்தில் ஒரு கதவு திறந்து மூடினாலே செய்தி பரவும். இன்ன வீட்டுப் பெண் அந்தச் சேலத்துப் பிள்ளையிடம் அரை மணி நேரம் பேசினாளாம் என்பது போதும், கல்யாணப் பேச்சு நிற்கும். மாணவி டீக்கடையில் வாய் திறக்கக்கூடாது. கல்லூரிக் கருத்தரங்கில் கேஸ் பேசும்போது பெயரை மாற்றினால் மட்டும் போதாது, ஊரையும் தொழிலையும் மாற்ற வேண்டும். மனநலத்துக்கென்று தனிக் கிழமை, தனி வரிசை வைப்பதும் தவறு. சர்க்கரை, ரத்த அழுத்தம் பார்க்கும் அதே நாளில், அதே ஓ.பி. சீட்டோடு, அதே வாசலில் இது நடக்க வேண்டும்.

பூச்சிமருந்து குடித்துப் பிழைத்தவரின் படுக்கைக்கும் அவள் போக வேண்டும். வீட்டார் போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்று நடுங்குவார்கள். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதப்பட வேண்டும், அவரைத் தண்டிக்கக்கூடாது, அரசு அவருக்குப் பராமரிப்புத் தர வேண்டும் என்று அதே சட்டத்தின் 115-ஆம் பிரிவு சொல்கிறது. இதை எளிய தமிழில் சொல்லத் தெரிந்த ஒருத்தி அந்த வராந்தாவில் இருப்பதற்கு என்ன விலை கொடுத்தாலும் தகும்.

விலை பெரிதும் இல்லை. கதவு உள்ள ஓர் அறை. வாரத்தில் இரண்டு நாள் மலையேறும் தகுதிபெற்ற ஒரு மேற்பார்வையாளர். அவருக்கு அந்த நாள்கள் பல்கலைக்கழகத்தின் வேலைநேரமாகக் கணக்காக வேண்டும், இரக்கத்தில் செய்யும் கூடுதல் சேவையாக அல்ல. மாணவருக்குத் தங்குமிடமும் உதவித்தொகையும். எம்.பி.பி.எஸ். மாணவர் ஹவுஸ் சர்ஜனாக இருக்கும்போது உதவித்தொகை பெறுவதை யாரும் சலுகை என்று சொல்வதில்லை. பல்கலைக்கழகமும் மாவட்ட மனநலத் திட்டமும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும்போது, ஒரு மேற்பார்வையாளருக்கு இத்தனை மாணவர்தான் என்ற வரம்பை அதில் எழுத வேண்டும். மேற்பார்வையாளர் விடுப்பில் போனால் அந்த வாரம் மாணவர் நோயாளியைத் தனியே பார்க்கக்கூடாது என்பதையும் எழுத வேண்டும்.

இன்னொன்றையும் ஒப்பந்தத்தில் மறக்காமல் சேர்க்க வேண்டும். மூன்று மாதம் முடிந்ததும் மாணவி கிளம்பிவிடுவாள். தன் வாழ்க்கையில் முதல்முறையாக ஒருவரிடம் மனம்திறந்த பெண்ணுக்கு அது இன்னொரு கைவிடலாக ஆகிவிடக்கூடாது. நான் படிக்க வந்திருக்கிறேன், இந்தத் தேதிவரை இருப்பேன் என்பதை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட வேண்டும். கடைசி இரண்டு சந்திப்புகளில் அடுத்த மாணவரையும் கிராம சுகாதார செவிலியரையும் உடன் உட்கார வைத்து, நோயாளியின் சம்மதத்தோடு குறிப்பேட்டை ஒப்படைக்க வேண்டும். அடுத்த மாணவர் வராத மாதங்களில் மாவட்டக் குழுவின் முகாம் தேதி அந்தக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் இருக்க வேண்டும். அதற்குக் கீழே, எந்த நேரத்திலும் தமிழிலேயே இலவசமாகப் பேசக்கூடிய டெலி-மானஸ் மனநல உதவி எண்: 14416.